எந்த லென்ஸ் வைக்கலாம்?

கண்புரை ஆபரேஷன் என்று முடிவானதும் லென்ஸ்களின் விலைப்பட்டியல் கைக்கு வரும். "எங்கம்மாவுக்கு இருக்கறதுலயே நல்லதா வைங்க டாக்டர்" என்பார்கள் கூட வந்த பிள்ளைகள். விலை கூடினால் தரமும் கூடும் என்ற கணக்கு. பட்டுப்புடவைக்குச் சரி, கண்ணுக்கு அது எப்போதும் ஒத்துவராது.

கண்பாவைக்குப் பின்னால், மெல்லிய பை ஒன்றுக்குள், பிறவியிலேயே நமக்கு ஒரு லென்ஸ் இருக்கிறது. அதிலுள்ள புரதங்களை உடம்பு புதுப்பிப்பதில்லை. வயதாக ஆக அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். இளநுங்கு நாள்பட்டால் கெட்டியாகி வெளுப்பது மாதிரிதான். சர்க்கரை நோய், ஸ்டீராய்டு, புகைப்பழக்கம் எல்லாம் இதைச் சீக்கிரம் கொண்டுவரும். இதில் ஒரு வேடிக்கை, தொடக்கத்தில் லென்ஸின் நடுப்பகுதி இறுகிப் பவர் கூடுவதால், தாத்தா திடீரென்று வெறுங்கண்ணால் பேப்பர் படிக்க ஆரம்பித்துவிடுவார். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். பஸ் போர்டு மங்கிப்போனது அப்புறம்தான் தெரியவரும்.

புரை முத்தட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. முற்றினால் எடுப்பதுதான் சிரமம். பேக்கோ முறையில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கீறல் போதும். பையின் முன்பக்கத் தோலை வட்டமாக உரித்து, விநாடிக்கு சுமார் 40,000 தடவை அதிரும் ஊசியால் புரையை உடைத்து உறிஞ்சுவார்கள். பையின் பின்சுவரைத் தொடமாட்டார்கள். அதன் தடிமன் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். சுருட்டிய அக்ரிலிக் லென்ஸ் குழாய் வழியே உள்ளே போய், மெல்ல விரிந்து, வளைந்த இரண்டு கால்களை ஊன்றி அந்தப் பைக்குள் உட்கார்ந்துகொள்ளும். முகாம் நோயாளிகளுக்குப் பெரும்பாலும் செய்யும் தையலில்லா முறையில் கீறல் ஆறேழு மில்லிமீட்டர். ஆனால் கடைசியில் கிடைக்கும் பார்வையில் பெரிய வித்தியாசம் கிடையாது.

லண்டனில் ஹரால்டு ரிட்லி முதல் செயற்கை லென்ஸைப் பொருத்தியது 1949-இல். இங்கே அது சாமானியருக்கு எட்டப் பல வருஷம் ஆயிற்று. அதுவரை புரையை எடுத்துவிட்டு சோடாபுட்டி கண்ணாடிதான். அது எல்லாவற்றையும் கால்பங்கு பெரிதாகக் காட்டும், படி இறங்கினால் கால் தடுமாறும். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தன் தயாரிப்பு நிறுவனம் மூலம் லென்ஸ் தயாரிக்க ஆரம்பித்த பிறகுதான் விலை மடமடவென்று இறங்கியது.

லென்ஸின் பெயரைவிட அதன் பவர்தான் முக்கியம் என்பேன். கருவிழியின் வளைவையும் கண்ணின் நீளத்தையும் அளந்து அதைக் கணக்கிடுகிறார்கள். சராசரிக் கண்ணுக்கு 20-ஐ ஒட்டி வரும். நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பவரில் ஏறக்குறைய இரண்டரை பிசகும். தொட்டு அளக்கும் ஸ்கேன் கருவியைக் கொஞ்சம் அழுத்திவிட்டாலே நீளம் குறைத்துக் காட்டும். அதனால் 'ஆடாம உக்காருங்கம்மா' என்று திரும்பத் திரும்ப அளந்தால் சலித்துக்கொள்ளக் கூடாது.

பிறவி லென்ஸ் இளமையில் தானே வளைந்து கிட்டத்துக்கும் தூரத்துக்கும் மாறிக்கொள்ளும். சாதாரண லென்ஸுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை, ஒரே தூரம்தான் தெளிவு. வழக்கமாக அதைத் தூரத்துக்கு வைப்பார்கள், படிக்க மட்டும் கண்ணாடி. பகலெல்லாம் மல்லிகைப்பூ கட்டும் அம்மாவுக்கு வேறு மாதிரி யோசிக்கலாம். பவரைக் கூட்டி 40 சென்டிமீட்டரில் தெளிவு வரும்படி வைத்தால், நாரும் மொட்டும் வெறுங்கண்ணுக்கே தெரியும். கண்ணாடி ரோட்டுக்குப் போகும்போது போதும். இதற்குக் கூடுதல் செலவும் கிடையாது.

மல்டிஃபோக்கல் லென்ஸில் நுண்ணிய வளையங்கள் இருக்கும். உள்ளே வரும் வெளிச்சத்தை அவை தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்கு போடும். கண்ணாடியின் தேவை வெகுவாகக் குறையும், உண்மைதான். ஆனால் பங்கு போட்டதால் மங்கலான வெளிச்சத்தில் துல்லியம் குறையும், விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும். ராத்திரியில் நான்குவழிச் சாலையில் லாரி ஓட்டுபவருக்கு எதிரே வரும் ஹெட்லைட் ஒவ்வொன்றும் தொல்லை. விழித்திரை ஏற்கெனவே சர்க்கரையால் பாதிக்கப்பட்டிருந்தாலும் இது பொதுவாக ஏற்றதல்ல. டோரிக் லென்ஸ் விஷயம் வேறு. கருவிழியின் வளைவு ஒரு திசையில் மட்டும் கூடுதலாக இருந்தால் அதைச் சரிக்கட்டும். அப்படி இல்லாதவருக்கு அது வீண் செலவு.

சில மாதமோ வருஷமோ கழித்து மறுபடி மங்கினால் 'புரை திரும்ப வளர்ந்துடுச்சு' என்று பயப்படுவார்கள். புரை திரும்ப வராது. மிச்சமிருந்த செல்கள் பையின் பின்சுவரில் படர்ந்திருக்கும். யாக் லேசரால் அதில் சின்னத் துளை போட்டால் போதும். கீறல் கிடையாது, பெரும்பாலும் சில நிமிஷ வேலை.