நிவாரண லாரியில் பால் பவுடர் ஏற்றாதீர்கள்

2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. அடுத்தடுத்து வந்த நிவாரண லாரிகளில் அரிசி, பாய், மெழுகுவர்த்தியோடு கைக்குழந்தைகளுக்கான பால் பவுடர் டப்பாக்களும் பால் பாட்டில்களும் இறங்கின. நல்ல மனசோடுதான் அனுப்புகிறார்கள். குழந்தை மருத்துவரான எனக்கு அதைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும்.

கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாது, விறகெல்லாம் ஈரம். பாட்டிலைக் கொதிக்கவைக்க எங்கே போவது? டப்பா சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்று பவுடரைக் குறைத்து, தண்ணீரைக் கூட்டுவார்கள். அப்புறம் வயிற்றுப்போக்குதான். 2006-இல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்குப் பின் கணக்கெடுத்தார்கள். இலவசப் பவுடர் கிடைத்த, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 25 சதவீதத்தினருக்கு வயிற்றுப்போக்கு. கிடைக்காதவர்களில் 12 சதவீதம்கூட இல்லை. பால் பவுடரையும் பாட்டிலையும் இலவசமாகக் கொடுப்பதை நம் நாட்டின் 1992-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது, அனாதை இல்லங்கள் மட்டும் விலக்கு. லாரி ஏற்றும் நேரத்தில் அது யார் நினைவுக்கு வருகிறது!

"பயத்துல பால் வத்திப்போச்சு டாக்டர்" என்று முகாமில் தாய்மார்கள் சொல்வார்கள். வற்றுவதில்லை. பயமும் அலைச்சலும் பால் இறங்குவதைத்தான் தாமதப்படுத்தும். பள்ளிக்கூட வகுப்பறையில் சுற்றிலும் ஆண்கள்; அந்தப் பெண் எங்கே உட்கார்ந்து ஊட்டுவாள்? ஒரு முறை பெஞ்சுகளை அடுக்கி, குறுக்கே சேலையைக் கட்டி, ஒரு தாயை உள்ளே உட்காரவைத்தோம். பாட்டி முதலில் அவளுக்குக் கஞ்சி கொடுத்தார். குழந்தை இரண்டு மூன்று தடவை வாயை எடுத்து அழுதது. பிறகு மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது. தாய் இல்லாத குழந்தைக்குப் பவுடர் தேவைப்படலாம். அதை நர்ஸ் கையில் கொடுங்கள், பாட்டில் வேண்டாம், சங்கில் புகட்டட்டும்.

ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்கு முகாமின் காரமான சாம்பார் சாதம் ஆகாது. அதே அண்டாவில் தாளிப்பதற்கு முன் சாதமும் பருப்பும் எடுத்துக் குழைத்து, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டால் போதும். வாழைப்பழம், அவித்த முட்டை, அங்கன்வாடி சத்துமாவு எல்லாம் கொடுக்கலாம். வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலோடு 14 நாள் துத்தநாக மாத்திரை.

நான் அதிகம் பயப்படுவது முகாம் கலைந்த பிறகுதான். தென்னை விழுந்து வருமானம் போன வீட்டில் முதலில் நின்றுபோவது பிள்ளைக்குக் கொடுக்கும் முட்டை. எந்தப் பத்திரிகைக்காரரும் அப்போது வரமாட்டார். மாதாமாதம் அங்கன்வாடியில் எடை போடுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் எடை இரண்டு மாதமாக ஏறவில்லை என்றாலோ, ஆறு மாதம் தாண்டியபின் மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனாலோ, இரண்டு பாதமும் வீங்கியிருந்தாலோ, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோங்கள்.