நனைந்த சுவர் ஏன் கறுக்கிறது?

"தண்ணீருக்கு நிறம் கிடையாது. பிறகு, மழையில் நனைந்த சுவர் மட்டும் ஏன் கறுத்துத் தெரிகிறது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இதே ஈரக் கறையை 18ஆம் நூற்றாண்டிலேயே ஓர் ஓவியர் கண்கொட்டாமல் பார்த்திருக்கிறார்.

அவர் பெயர் தாமஸ் ஜோன்ஸ், வேல்ஸ் நாட்டுக்காரர். 1776இல் இத்தாலிக்குப் போய், பின்னர் நேப்பிள்ஸில் சில ஆண்டுகள் தங்கினார். வெசூவியஸ் எரிமலையும் கடலும் அங்கே கண்முன் இருந்தன. பணக்காரப் பயணிகள் அந்தக் காட்சிகளைத்தான் விரும்பி வாங்கினார்கள். ஜோன்ஸோ 1782 வாக்கில் ஒரு வெற்றுச் சுவரை வரைந்தார். 16 செ.மீ. அகலமும் 11.4 செ.மீ. உயரமுமே உள்ள காகிதத்தில் எண்ணெய் வண்ணம். காரை உதிர்ந்த பரப்பு, சாரம் கட்டிய துளைகள், சிறிய பால்கனி, அதில் காயும் துணிகள், மேலே ஒரு கீற்று வானம். பால்கனிக்குக் கீழே வழிந்திறங்கும் ஈரக் கறை. இன்று அது லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தின் எத்தனையோ பெரிய எரிமலை ஓவியங்களைவிட இந்தச் சுவரே எனக்கு உயர்ந்தது.

பழைய நேப்பிள்ஸ் வீடுகள் பலவும் எரிமலைச் சாம்பல் இறுகிய மஞ்சள் கல்லால் ஆனவை. அந்தக் கல் முழுக்க நுண்துளைகள். காய்ந்திருக்கும்போது துளைகளில் காற்று இருக்கும். ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டுவது ஒளிவிலகல் எண். காற்றுக்கு அது 1. கல், சுண்ணாம்புத் துகள்களுக்கு ஏறத்தாழ 1.5. இந்த வேறுபாடு பெரிது. அதனால் உள்ளே நுழையும் ஒளி ஒவ்வொரு துகளிலும் பட்டுக் கூர்மையாகத் திரும்பி, ஆழம் போகாமலே வெளியே வந்துவிடுகிறது. சுவர் வெளிறித் தெரிகிறது.

துளைகளில் காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால், அங்கே எண் 1.33 ஆகிவிடுகிறது. வேறுபாடு சுருங்குகிறது. ஒளி இப்போது லேசாகத்தான் வளைகிறது. முன்னோக்கியே போய், இன்னும் பல துகள்களைச் சந்தித்த பிறகே வெளிவர முடிகிறது. சந்திக்கும் ஒவ்வொரு துகளும் ஒளியில் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்கிறது. மஞ்சள் கல் நீல ஒளியைக் கூடுதலாக விழுங்குவதால், நனைந்த இடம் கறுப்பதோடு நிறமும் அடர்ந்துவிடுகிறது.

மேற்பரப்பில் நீர்ப்படலமும் இருந்தால் இன்னொரு தடை. வெளியேற வரும் ஒளி செங்குத்திலிருந்து சுமார் 49 பாகைக்கு மேல் சாய்ந்திருந்தால் முழு அக எதிரொளிப்பு நிகழும்; அதாவது, ஒளி வெளியேறாமல் முழுக்க உள்ளேயே திரும்பிவிடும். சுவரிலிருந்து எல்லாத் திசையிலும் சிதறும் ஒளியில் ஏறக்குறையப் பாதி இப்படிச் சுவருக்கே திருப்பி அனுப்பப்படுகிறது. மறுபடியும் உறிஞ்சலுக்கு ஆளாகிறது. இதை 1925இல் விளக்கியவர் ஸ்வீடன் நாட்டு வானிலை அறிஞர் ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ராம். நிலம் எவ்வளவு வெயிலைத் திருப்பி அனுப்புகிறது என்பதே அவரது அக்கறை. ஈர மண் ஏன் கறுப்பு என்று ஆராய இன்று ஒருவர் பணம் கேட்டால், "உடனடிப் பயன் என்ன?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்வி சிறிய ஆய்வுகளை முளையிலேயே கிள்ளிவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. நிலத்தின் வெப்பக் கணக்கு இந்தக் கறுப்பில் அடங்கியிருக்கிறது.

வடை மடித்த தாளில் எண்ணெய் பட்ட இடத்தைப் பாருங்கள். மேசைமேல் கறுப்பாக இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் அதுவே பளிச்சிடும். திரும்பி வராத ஒளி ஊடுருவிப் போயிருக்கிறது.

ஓவியரின் வண்ணத்திலும் நடப்பது இதுதான். காய்ந்த நிறமிப் பொடியில் ஆளிவிதை எண்ணெயைக் குழைத்ததும் நிறம் அடர்ந்துவிடும். எண்ணெயின் எண் 1.48. சுண்ணாம்புக்கல் தூளின் எண் அதற்கு மிக அருகில் இருப்பதால் எண்ணெயில் அது வெண்மை இழந்து மங்கிவிடுகிறது. ஈயவெள்ளை என்ற வெள்ளை நிறமிக்கோ எண் ஏறத்தாழ 2. அது வெள்ளையாகவே நிற்கும். ஆக, ஈரச் சுவரைக் கறுப்பாக்கும் அதே விதியைத் தூரிகையில் எடுத்துத்தான் ஜோன்ஸ் அந்தக் கறையைத் தீட்டினார். ஒரே வித்தியாசம்: தண்ணீர் ஆவியாகிவிடும், ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஆக்சிஜனை ஏற்று அங்கேயே இறுகிவிடும்.

வாசகருக்கு ஒரு சோதனை. இரண்டு சாக்குக் கட்டிகளை எடுத்து, ஒன்றில் தண்ணீரும் மற்றொன்றில் தேங்காய் எண்ணெயும் ஊற விடுங்கள். எண்ணெய் குடித்ததுதான் கூடுதலாக மங்கும். ஏன் என்பதை மேலே உள்ள எண்களே சொல்லும்.