ஆணியின் சிவப்பும் சோலையின் ஓரமும்

கோத்தகிரிப் பக்கம் ஒரு கொல்லுப்பட்டறையில், உலையிலிருந்து இடுக்கியால் எடுத்த இரும்பு ஆணியின் அருகே, கம்பியில் கட்டிய சிறு காந்தத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஆணி செக்கச்செவேலென்று இருந்தவரை காந்தம் அசையவில்லை. சிவப்பு மங்கத் தொடங்கியதும் சட்டென்று ஆணியை நோக்கிச் சாய்ந்தது. சுமார் 770 டிகிரி செல்சியஸுக்கு மேல் இரும்பு ஃபெரோ காந்தத் தன்மையை, அதாவது காந்தத்தை வலுவாக ஈர்க்கும் தன்மையை, இழக்கிறது. அந்த எல்லைக்குக் கியூரி வெப்பநிலை என்று பெயர். ஆணி உருகவில்லை, எடையும் குறையவில்லை. அணுக்களுக்கு இடையிலிருந்த ஒழுங்கு மட்டுமே குலைந்து, குளிர்ந்தபோது மீண்டது.

இதை விளக்க 1920இல் இயற்பியலாளர் வில்ஹெல்ம் லென்ஸ் ஓர் எளிய மாதிரியை முன்வைத்துத் தம் மாணவர் எர்ன்ஸ்ட் ஐசிங்கிடம் ஒப்படைத்தார். அதில் ஒவ்வோர் அணுவும் மேல் அல்லது கீழ் என இரண்டே திசைகளில் நிற்கும் சிறு காந்தம். அண்டை அணுவோடு ஒத்து நின்றால் ஆற்றல் குறையும், எதிர்த்து நின்றால் கூடும். ஒரே வரிசையில் நிற்கும் அணுக்களில் எந்த வெப்பநிலையிலும் நிலைத்த காந்தம் உருவாகாது என்பது 1925இல் ஐசிங் வெளியிட்ட முடிவு. வரிசையை ஓரிடத்தில் முறித்து, அதற்கப்பால் உள்ளவற்றை எதிர்த்திசையில் திருப்புவதற்கான ஆற்றல், வரிசை எவ்வளவு நீண்டாலும் மாறுவதில்லை. முறியக்கூடிய இடங்களோ ஏராளம். முப்பரிமாணத்திலும் அப்படியே என்று அவர் கருதியதுதான் பிழை. இருபரிமாணத் தளத்தில், எதிர்த்திசையில் நிற்கும் அணுக்களின் தீவு பெரிதாகப் பெரிதாக அதன் கரையின் நீளமும் கூடுவதால், ஒழுங்கு தாக்குப்பிடிக்கும் என்று 1936இல் இயற்பியலாளர் ருடால்ஃப் பையர்ல்ஸ் காட்டினார். 1944இல் லார்ஸ் ஆன்சாகர் இருபரிமாண மாதிரியில் ஒழுங்கு குலையும் மாறுநிலை வெப்பநிலையைத் துல்லியமாகக் கணக்கிட்டார்.

அந்த வெப்பநிலையில் கட்டத்துக்கு ஓர் அணுவாக அடுக்கிய சதுரக் கட்டங்களில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். நான்கு அண்டைகளும் மேல்நோக்கி நிற்க, நடுவிலுள்ள அணு மட்டும் கீழே திரும்புவதற்கு, அணுக்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கும், 1953இல் வந்த மெட்ரோபொலிஸ் கணினி முறைப்படி, ஒரு முயற்சியில் நூற்றுக்கு மூன்று வாய்ப்புதான் உண்டு. இரண்டு அண்டைகள் மேலும் இரண்டு கீழுமாக அமைந்த எல்லையோர அணுவோ ஆற்றல் ஏதும் செலவிடாமல் திரும்பிவிடும். ஆகவே மாற்றம் பெரும்பாலும் ஓரங்களில்தான் நிகழ்கிறது.

அண்டையைப் பார்த்து இரண்டு நிலைகளுள் ஒன்றில் நிற்பவை அணுக்கள் மட்டுமல்ல. நரம்பணுக்களை இவ்வாறே கருதி 1982இல் நினைவாற்றல் மாதிரியை அமைத்த ஜான் ஹாப்ஃபீல்டு, 2024இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பிஸ்தாத் தோட்டத்தில் மரங்கள் காய்க்கும் ஆண்டும் காய்க்காத ஆண்டும் ஒத்துப்போவதை ஐசிங் மாதிரியால் விளக்கிய ஆய்வு 2018இல் வெளிவந்தது.

நீலகிரியின் மேல்மலைகளில் சோலைக்காடும் புல்வெளியும் கத்தியால் வெட்டியதுபோல் பிரிந்து நிற்பதைக் காணும்போதெல்லாம், எனக்கு அந்தக் கட்டங்களே நினைவுக்கு வருகின்றன. திறந்த புல்லில் முளைத்த சோலைமரக் கன்றை ஜனவரி உறைபனி கருக்கிவிடக்கூடும். மர நிழலில் முளைத்தது தப்பிக்கும். மரத்துக்கு மரம் துணை, புல்லுக்குப் புல் துணை. சோலைக்குச் சாதகமான மடுக்களும் பள்ளத்தாக்குகளும் மாதிரியில் வெளியிலிருந்து செலுத்தும் காந்தப்புலத்தின் இடத்தில் நிற்கின்றன. ஆனால் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட சீகை (வாட்டில்) மரம் திறந்த புல்வெளியிலும் பரவுவதால், மரம், புல் என்ற இரு நிலைக் கணக்கு இங்கே போதாது. மூன்று நிலைகளுக்கும் இடமளிக்கும் மாதிரி, 1952இல் ரென்ஃப்ரி பாட்ஸ் வெளியிட்டதுதான், இந்த மலைக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம்.