காப்புரிமை இல்லாத ‘காப்புரிமை மருந்து’

“18, 19ஆம் நூற்றாண்டுகளில் சிரங்குக்கும் மூட்டுவலிக்கும் காப்புரிமை மருந்துகள் ஏராளமாக விற்பனையாயின.” மருத்துவ வரலாற்று மொழிபெயர்ப்புகளில் இந்த வாக்கியம் ஏதாவதொரு வடிவில் வந்துகொண்டே இருக்கிறது. இலக்கணத்தில் பிழையில்லை, செய்திதான் பொய். அந்த மருந்துகளில் பெரும்பாலானவை எந்தக் காப்புரிமையும் பெற்றவை அல்ல. பெற்றுவிடக் கூடாது என்பதில் விற்றவர்கள் கவனமாகவே இருந்தார்கள். ‘பேட்டண்ட் மெடிசின்’ என்ற ஆங்கிலத் தொடரை, ‘பேட்டண்ட்’ ஒரு பக்கம், ‘மெடிசின்’ ஒரு பக்கம் என்று அகராதியில் தனித்தனியே தேடி ஒட்டவைத்ததால் வந்த வினை இது.

‘பேட்டண்ட்’டின் வேர்ச்சொல்லை விரைவாகப் பார்த்துவிடலாம். லத்தீனில் ‘படேரே’ என்றால் திறந்திருத்தல். அரசர் மூடி ஒட்டாமல், யாரும் படிக்கும்படி முத்திரையிட்டு விடுத்த ஆணைகள் ‘திறந்த மடல்கள்’, ஆங்கிலத்தில் ‘லெட்டர்ஸ் பேட்டண்ட்’. பட்டம், பதவி, தொழில் தனியுரிமை எல்லாம் அப்படித்தான் வழங்கப்பட்டன. இங்கிலாந்தில் 1687இல் ஆண்டர்சன் மாத்திரைக்கும் 1712இல் ஸ்டவ்டன் எலிக்சருக்கும் அத்தகைய மடல் கிடைத்தது. அரச மடல் பெற்ற மருந்து என்றால் மக்களிடம் மதிப்பு. மடல் வாங்காதவர்களும் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். திறந்த மடலின் பெயர் மூடிய மருந்துக்கு வந்து சேர்ந்தது.

ஏன் மூடினார்கள்? காப்புரிமை கேட்டால் செய்முறையை எழுதிக் கொடுக்க வேண்டும். 14 ஆண்டுகள் கழிந்ததும் அது எல்லோருக்கும் சொந்தம். முறையை மறைத்து, பெயரையும் புட்டியின் வடிவத்தையும் மேலொட்டிய சீட்டையும் மட்டும் காத்துக்கொண்டால் அந்தக் கெடு கிடையாது. உண்மையாகவே காப்புரிமை பெற்ற சில உண்டு. 1742இல் பெட்டன் பெயரில் பதிவான ‘பிரிட்டிஷ் ஆயில்’ பாறையிலிருந்து வடித்த எண்ணெய். வாதத்துக்கும் தோல் தடிப்புகளுக்கும் நல்லது என்று அதை விற்றார்கள். ஆனால் இப்படிப்பட்டவை விதிவிலக்கு.

1783 முதல் பிரிட்டனில் இந்த மருந்துகளுக்கு முத்திரை வரி இருந்தது. எவற்றுக்கு வரி என்பதைப் பார்த்தாலே விஷயம் விளங்கும். இரகசியமாகச் செய்தவை, தனியுரிமை கொண்டாடியவை, பேட்டண்ட் பெற்றவை, இன்ன நோய் தீரும் என்று விளம்பரம் செய்தவை, எல்லாவற்றுக்கும் வரி. அதாவது பேட்டண்ட் என்பது பட்டியலில் ஓர் இனம் மட்டுமே. பேச்சுவழக்கு மொத்தத்தையும் அந்த ஓர் இனத்தின் பெயரால் அழைத்தது. இன்னொரு விபரீதமும் நடந்தது. வரி கட்டியதற்கு அடையாளமாகப் பொட்டலத்தில் ஒட்டிய அரசு முத்திரையை, அரசே சான்று தந்த மருந்து என்று வாங்குபவர்கள் எண்ணிக்கொண்டார்கள். விற்றவர்கள் அந்த எண்ணத்தைத் திருத்தவில்லை. வரி 1941 வரை நீடித்தது.

இன்றைக்கு ‘காப்புரிமை’ என்ற சொல்லைப் படிப்பவர் மனத்தில் எழுவது கண்டுபிடிப்பு, பதிவு அலுவலகம், ஆய்வு. ஆகவே ‘காப்புரிமை மருந்து’ என்று எழுதினால், அந்தக் களிம்புக்காரர்கள் எல்லோரும் ஏதோ கண்டுபிடித்துப் பதிந்தவர்கள் ஆகிவிடுகிறார்கள். பழைய முத்திரைச் சீட்டு செய்த ஏமாற்றை மொழிபெயர்ப்பாளர் மறுபடி செய்கிறார். போதாததற்கு, இதே சொல்லைப் பதிப்புரிமைக்கும் எழுதி ஏற்கெனவே குழப்பி வைத்திருக்கிறோம்.

வேறுபாட்டைக் காட்ட ஒரே ஒரு மருந்து போதும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹுசோன் என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி கவுட் என்ற மூட்டு நோய்க்கு ஒரு நீர்மம் விற்றார். உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லவில்லை. வலி நிஜமாகவே இறங்கியது, கூடவே வாந்தியும் வயிற்றுப்போக்கும். 1814இல் ஜான் வான்ட் என்ற ஆங்கில மருத்துவர் அது கோல்ச்சிகம் என்ற செடியின் கிழங்குச் சாறு என்று துப்பறிந்தார். 1820இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்லெட்டியேயும் காவந்துவும் அதன் சாரமான கோல்ச்சிசினைப் பிரித்தார்கள். நம் செங்காந்தளில் உள்ள நஞ்சும் அதே கோல்ச்சிசின்தான். குணம் தரும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. அளவு எழுதாத புட்டியில் அதை விற்பது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. இதே கோல்ச்சிசினுக்கு அமெரிக்காவில் 2009இல் ‘கோல்கிரிஸ்’ என்ற பெயரில் அனுமதி கிடைத்தது. காப்புரிமைகளும் தனிவிற்பனைக் காலமும் சேர்ந்தன, மாத்திரை ஒன்று சுமார் 9 சென்டிலிருந்து 5 டாலரை நெருங்கியது. கோல்கிரிஸ் காப்புரிமை மருந்து. ஹுசோனின் நீர்மம் காப்புரிமை மருந்து அல்ல. இரண்டுக்கும் தமிழில் ஒரே பெயர் வைத்தால் இந்தக் கதையை எழுதவே முடியாது.

பேட்டண்ட் உண்மையாகவே வாங்கியவர்கள் யோக்கியர்கள் என்றும் இல்லை. எலிஷா பெர்கின்ஸ் 1796இல் அமெரிக்காவில் இரண்டு உலோகக் கம்பிகளுக்கு முறையான காப்புரிமை பெற்றார். வலிக்கும் இடத்தில் அவற்றை இழுத்தால் வாதவலி போகும் என்றார். 1799இல் இங்கிலாந்தின் பாத் நகரில் ஜான் ஹேகார்த் என்ற மருத்துவர், உலோகம் போலத் தோன்றும் மரக்குச்சிகளால் ஐந்து நோயாளிகளுக்கு அதையே செய்தார். நால்வருக்கு வலி குறைந்ததாம்!

‘காப்புரிமை மருந்து’ வேண்டாம் என்றால், அடுத்தது ‘போலி மருந்து’ என்று பெயர்ப்போர். கோபம் புரிகிறது, சொல் தவறு. போலி என்பது ஒன்றைப் போலச் செய்தது. இந்த மருந்துகளுக்கே போலிகள் இருந்தன. காலிப் புட்டிகளை வாங்கி வேறெதையோ நிரப்பி விற்றார்கள். டர்லிங்டன் என்பவர் ‘பால்சம்’ என்ற தன் மருந்துக்கு 1754இல் புட்டி வடிவத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. பிறகு அதை எப்படி எழுதுவது, போலி மருந்தின் போலி என்றா? தவிரவும், இவற்றில் சில வேலை செய்தன. சிரங்குக் களிம்புகளில் மறைந்திருந்தது பெரும்பாலும் கந்தகம். கொழுப்பில் 5 முதல் 10 சதவீதம் கலந்து, கழுத்துக்குக் கீழே உடல் முழுதும், விரலிடுக்கு விடாமல், மூன்று இரவு தொடர்ந்து பூசினால் சிரங்குப் பூச்சி சாகும். புண் இருக்கும் இடத்தில் மட்டும் தொட்டுவைத்தால் சாகாது. துணி, படுக்கையைத் துவைக்காவிட்டால் திரும்ப வரும். கந்தக வாடையை வாசனை எண்ணெயால் அடக்கிவிட்டால் இரகசியம் காப்பாற்றப்பட்டது.

கெடுதல் செய்தவையும் உண்டு. கௌலண்ட் லோஷனில் வாதுமைப் பாலோடு கலந்திருந்தது வீரம் என்ற பாதரச உப்பு. மேல்தோல் உரிந்து புதுத்தோல் பளிச்சென்று தெரிந்ததைத்தான் குணம் என்றார்கள். தோல்நோய் இரத்த அசுத்தத்தால் வருகிறது என்று சொல்லி விற்ற கிளார்க் இரத்தக் கலவையில் முக்கியச் சரக்கு பொட்டாசியம் அயோடைடு, நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரை. அயோடைடே முகப்பரு போன்ற கொப்புளங்களைக் கிளப்பும். பருவுக்குக் குடித்தவருக்குப் பரு கூடினால், கெட்டது வெளியேறுகிறது என்று இன்னொரு புட்டி. ‘டி விட்’ மாத்திரையில் மெத்திலீன் நீலம் சேர்த்திருந்ததால் சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போகும். முதுகுவலிக்கு விழுங்கியவருக்கு, மருந்து உள்ளே போய் வேலை செய்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆபத்தானது எல்லாம் இந்த இனமும் அல்ல. சொரியாசிசுக்கு நெடுங்காலம் கொடுத்த ஃபவுலர் கரைசலில் சுமார் ஒரு சதவீத அளவுக்கு ஆர்செனிக் சேர்மம் இருந்தது. ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களுக்கு உள்ளங்கை தடித்தது, தோல் கறுத்தது, சிலருக்குப் புற்று வந்தது. ஆனால் ‘சுவையற்ற குளிர்காய்ச்சல் சொட்டு’ என்ற இரகசிய மருந்துக்கு மாற்றாக 1786இல் தாமஸ் ஃபவுலர் அறிவித்த அதன் முறை எல்லோருக்கும் தெரிந்தது. நஞ்சு, ஆனால் வெளிப்படையான நஞ்சு.

மாற்றாகச் சொல்லப்படும் பிற பெயர்களும் பொருந்தவில்லை. ‘சர்வரோக நிவாரணி’ என்பது அளந்துவிடும் பேச்சைக் குறிக்கும், சரக்கை அல்ல. ஒரே நோய்க்கென்று விற்றவையும் ஏராளம். ‘கைமருந்து’ வீட்டில் செய்வது, ‘கைகண்ட மருந்து’ என்றால் விளம்பரக்காரன் பேச்சை நாமே ஒப்புக்கொண்டதாகும்.

ஆக இந்த இனத்தை இனமாக்குவது எது? உள்ளே இருப்பதைச் சொல்லாமல், பெயரைச் சொந்தமாக்கி, மருத்துவரைத் தாண்டி நேராக நோயாளியிடம் விளம்பரத்தால் விற்றது. மற்ற மொழிகள் இதை ஒழுங்காகவே பிடித்திருக்கின்றன. ஜெர்மனில் ‘கெஹைம்மிட்டல்’, பிரெஞ்சில் ‘ரெமேத் செக்ரே’, இரண்டும் இரகசிய மருந்து என்றே பொருள்படும். பிரான்சின் 1803ஆம் ஆண்டு மருந்தாளர் சட்டம் அந்தப் பெயரைச் சொல்லியே விளம்பரத்தைத் தடுத்தது. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1909இல் இவற்றைப் பகுத்தாய்ந்து வெளியிட்ட நூலுக்கும் அதே பொருளில்தான் தலைப்பு வைத்தது. ஆங்கிலத்தின் வழக்குப் பிழையை மட்டும் நாம் ஏன் சுமக்க வேண்டும்?

‘இரகசிய மருந்து’ என்றே எழுதுங்கள். வடசொல் வேண்டாம் என்பவர்கள் ‘கமுக்க மருந்து’ என்று எழுதலாம், பொருள் கெடாது. ‘மந்தண மருந்து’ என்றால் அலுவலகக் கோப்பு வாசனை வருகிறது. ‘மறைமருந்து’ வேத மருந்தாகிவிடும். தூய்மை வேண்டும் என்று தெளிவை விற்கக் கூடாது. இந்திய மருந்துச் சட்டத்தில் சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கு வரும் ‘பேட்டண்ட் ஆர் ப்ரொப்ரைட்டரி’ வேறு சங்கதி. அங்கே சரக்குகள் நூல்களில் உள்ளவை, சேர்மானம்தான் தயாரிப்பாளருடையது. அதற்குத் ‘தனியுரிம மருந்து’ பொருந்தும்.

மொழிபெயர்ப்பாளர்கள் நோய்ப்பெயர்களிலும் இதே அவசரம் காட்டுகிறார்கள். கவுட், ருமாட்டிசம், ஆர்த்ரைட்டிஸ் மூன்றும் கீல்வாதம்! கோல்ச்சிகம் வேலை செய்தது யூரிக் அமிலப் படிகத்தால் வரும் கவுட்டுக்கு. அதைப் பொதுவாகக் கீல்வாதம் என்று எழுதினால் எல்லா மூட்டுவலிக்கும் அது மருந்தாகிவிடும். விளம்பரக்காரன் சொன்னதும் அதைத்தான். அக்கால ‘ஸ்கார்பியூட்டிக்’ என்பதை வைட்டமின் சி குறைவு நோய் என்று மட்டும் பெயர்ப்பதும் தவறு. தோல் தடிப்பு, சொறி எல்லாவற்றையும் அப்படி அழைத்தார்கள். ‘லினிமெண்ட்’டைக் களிம்பு என்பது இன்னொன்று. களிம்பு கெட்டியானது, பூசினால் தங்கும். லினிமெண்ட் தேய்க்கும் தைலம். கற்பூரம், டர்பண்டைன், மிளகாய்க் காரம் போன்றவை தோலில் எரிச்சல் கிளப்பி வலியை மறக்கடிக்கும், மூட்டை ஒன்றும் செய்யாது. கிளார்க் ஸ்டான்லி என்ற அமெரிக்கர் விற்ற பாம்பு எண்ணெயை 1916 வழக்கில் சோதித்தபோது இருந்தது கனிம எண்ணெய், சுமார் ஒரு சதவீதக் கொழுப்பு, மிளகாய்க் காரம், கொஞ்சம் கற்பூரமும் டர்பண்டைனும் இருக்கலாம் என்றார்கள். அபராதம் 20 டாலர். இந்தத் தைலத்தைத் தேய்த்து மேலே இறுக்கித் துணி சுற்றினாலோ சூடு வைத்தாலோ கொப்புளம் எழும். களிம்பு என்று மொழிபெயர்த்ததை நம்பிக் கெட்டியாக அப்பிக் கட்டுப்போடுபவருக்கு நடப்பதும் அதுதான்.