8.40 முதல் 10.15 வரை: பிள்ளைகள் ஏன் 1.75 என்கிறார்கள்?

காலை 8.40க்குக் கிளம்பிய பேருந்து 10.15க்கு ஊர் வந்து சேர்ந்தது. பயண நேரம் எவ்வளவு? நான்காம் வகுப்பில் இந்தக் கணக்கைப் போடச் சொன்னால், பல நோட்டுகளில் 1.75 என்றுதான் இருக்கும். "ஒரு மணி எழுபத்தைந்து நிமிடம் டீச்சர்" என்று தயங்காமல் வாசித்தும் காட்டுவார்கள். கவனக்குறைவு என்று சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போனால் அடுத்த வாரமும் அதே விடைதான் வரும்.

பிள்ளை கழித்ததில் தவறே இல்லை. பத்து ரூபாய் பதினைந்து பைசாவில் எட்டு ரூபாய் நாற்பது பைசா போனால் மிச்சம் 1.75தான். ஏறக்குறைய அதே வயதில்தான் ரூபாய் கணக்கும் நடத்துகிறோம். அங்கேயும் நடுவில் புள்ளி, இங்கேயும் புள்ளி. கடன் வாங்கும்போது நூறு வாங்குவதா, அறுபது வாங்குவதா என்பதை அந்தப் புள்ளி சொல்லாது. அதனால் என் வகுப்பில் ஆரம்பத்தில் 8:40 என்று இரட்டைப் புள்ளி வைத்தே எழுதச் சொல்வேன். செய்தித்தாளில் வரும் ஒற்றைப் புள்ளியை அப்புறம் பழகிக்கொள்ளலாம்.

அதைவிட முக்கியம், கழித்தலையே கொஞ்ச நாள் தள்ளிப்போடுவது. பலகையில் ஒரு கோடு போடுங்கள். இடது முனையில் 8:40, வலது முனையில் 10:15. எட்டு நாற்பதிலிருந்து ஒன்பதுக்கு ஒரு தாவல், 20 நிமிடம். ஒன்பதிலிருந்து பத்துக்கு 1 மணி. அங்கிருந்து 15 நிமிடம். கூட்டினால் 1 மணி 35 நிமிடம். கடைக்காரர் மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுக்கிற அதே வழிதான். சில பிள்ளைகள் 8:40இலிருந்து நேரே 9:40க்குத் தாவிவிட்டு, மிச்சம் 35 நிமிடத்தை எண்ணுவார்கள். தாராளமாக விடுங்கள். எல்லாரும் ஒரே இடத்தில் நின்றுதான் போக வேண்டும் என்று கட்டாயமில்லை.

தாவலை வளைகோடாக வரையச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 9 மணி முதல் 12 மணி வரை எவ்வளவு என்று கேட்டால், ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று விரல் மடக்கி "நாலு மணி நேரம்" என்பார்கள். எண்ண வேண்டியது வளைவுகளை, நிற்கிற இடங்களை அல்ல.

கடிகாரத்தைப் பற்றியும் ஒன்று. அட்டையில் செய்த கடிகாரத்தில் இரண்டு முள்ளும் தனித்தனியாகச் சுழலும். 8:40 வை என்றால், சின்ன முள்ளைச் சரியாக எட்டில் வைத்துவிடுவார்கள். வீட்டில் பழைய சுவர்க் கடிகாரம் இருந்தால் அதைக் கொடுத்துப் பின்பக்கத் திருகைச் சுற்றவிடுங்கள். பெரிய முள் ஒரு சுற்று வரும்போது சின்ன முள் ஒரு எண்ணிலிருந்து அடுத்ததற்கு மெல்ல நகர்வதைக் கையால் உணர்வார்கள்.

பயிற்சிக்குத் தினசரி காலண்டரைவிட நல்ல பொருள் எனக்குக் கிடைத்ததில்லை. ராகு காலத்தில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, கணக்கு ஆசிரியருக்கு அது வசதி. திங்கள் 7.30 – 9.00, சனி 9.00 – 10.30, எந்தக் கிழமை பார்த்தாலும் ஒன்றரை மணி நேரம். புதன்கிழமை 12.00 – 1.30 வரும்போதுதான் வேடிக்கை. அறுபதைச் சரியாகக் கடன் வாங்கத் தெரிந்த பிள்ளையும் பெரிய எண்ணிலிருந்து சின்னதைக் கழித்துப் பத்தரை மணி நேரம் என்று சொல்லும். "புதன்கிழமை மட்டும் இவ்வளவா?" என்று வகுப்பே சிரிக்கும். கோட்டில் போட்டால் 12இலிருந்து 1க்கு ஒரு தாவல், அப்புறம் அரை மணி. இரவு 9:40க்குக் கிளம்பி விடிகாலை 5:15க்குச் சேரும் ரயிலுக்கும் இதே உபாயம்தான். நள்ளிரவு வரை 2 மணி 20 நிமிடம், அதன்பின் 5 மணி 15 நிமிடம். மொத்தம் 7 மணி 35 நிமிடம்.

கிளம்பும் நேரத்தைக் கண்டுபிடிக்கும் கணக்குதான் இருப்பதிலேயே கடினம், ஏனென்றால் கோட்டில் பின்னோக்கித் தாவ வேண்டும். இதைக் கடைசியில் வையுங்கள். பெற்றோர் வீட்டிலேயே செய்யலாம். 9:15க்கு மணி அடிக்கும், நடக்க 25 நிமிடம், சாப்பிட 20 நிமிடம், அப்படியானால் எத்தனை மணிக்குச் சாப்பிட உட்கார வேண்டும்? 8:30 என்று பிள்ளையே சொல்லட்டும்.