இறக்கத்தில் நியூட்ரல் போடாதீர்கள், ஒரு சொட்டு பெட்ரோலும் மிச்சமாகாது

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏற்காடு மலைப்பாதையில் இருந்து ஒரு போன் வந்தது. "அண்ணா, பிரேக்கே பிடிக்கலைங்ணா. பெடல் தரையில போய் ஒட்டுது. மூணாவது வளைவுக்கு மேல மலை ஓரமா உரசி நிறுத்தியிருக்கேன்." குரல் நடுங்கியது. பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டது.

சேலத்தில் என் பட்டறைக்கு ஐந்து வருடமாக வண்டி விடுகிறவர் அவர். மாருதி ஈக்கோ வேன், ஏழு சீட். வாரநாளில் துணி மூட்டை, ஞாயிற்றுக்கிழமை குடும்பம். அன்றைக்கு உள்ளே அவர், மனைவி, அம்மா, தங்கை, தங்கை கணவர், மூன்று பிள்ளைகள். ஏழு சீட்டில் எட்டு பேர்.

பையனைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது முன் சக்கரங்களில் இருந்து வந்த நாற்றம் பத்தடி தள்ளியே அடித்தது. கருகிய பிரேக் லைனிங் நாற்றம் ஒரு தடவை மூக்கில் ஏறினால் மறக்காது. டிஸ்க் நீலம் பாய்ந்திருந்தது. தங்கை கணவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து சக்கரத்தில் ஊற்றப் போனார், ஓடிப் போய்த் தடுத்தேன். அவ்வளவு சூட்டில் இருக்கும் டிஸ்க்கில் தண்ணீர் பட்டால் வளைந்துவிடும், விரிசலும் விடலாம். ஆற விடுங்கள், அதற்கு வேறு வைத்தியம் கிடையாது.

முக்கால் மணி நேரம் கழித்துப் பெடலை மிதித்துப் பார்த்தேன். பழையபடி கெட்டியாக நின்றது. "சரியாயிடுச்சே, ஓட்டிட்டுப் போயிடலாமா?" என்று கேட்டார். கூடாது என்றேன். ஆறினதும் பெடல் திரும்பி வருவதை நம்பித்தான் பல பேர் வண்டியை மறுபடி இறக்கி, இரண்டு வளைவு தள்ளி மாட்டிக்கொள்கிறார்கள். குடும்பத்தை வேறு வண்டியில் அனுப்பிவிட்டு, ஈக்கோவை முதல் கியரில் நானே மெல்ல இறக்கினேன்.

அவரிடம் நான் கேட்டது ஒரே கேள்வி. எந்த கியரில் இறக்கினீர்கள்?

"நியூட்ரல்லதாங்ணா. பெட்ரோல் மிச்சமாகுமே."

இந்த இரண்டு மாதத்தில் இதே பதில் மூன்றாவது தடவை. முதல் வண்டி கொல்லிமலையில் இருந்து வந்த ஆம்னி, எழுபது கொண்டை ஊசி வளைவையும் நியூட்ரலில் இறக்கியிருக்கிறார்கள். இரண்டாவது, தொப்பூர் இறக்கத்தில் ஒரு லாரியின் பின்பக்கத்தை ஒரு சாண் இடைவெளியில் தவறவிட்ட வேன். மூன்றிலும் உயிர் போகவில்லை. அதனால்தான் இன்றைக்கு உட்கார்ந்து எழுதுகிறேன். நான்காவதிலும் அப்படியே இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

நியூட்ரல் போட்டால் பெட்ரோல் மிச்சம் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நான் தொழில் கற்ற காலத்தில் ஆம்னியில், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு விடுகிற கார்புரேட்டர் இருந்தது. ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தாலும், இன்ஜின் சுற்றும் வேகத்துக்கு அது பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். கியரில் இறக்கினால் இன்ஜின் வேகமாகச் சுற்றும், கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். அந்தக் காலத்து டிரைவர்கள் நியூட்ரல் போட்டதற்கு அப்படி ஒரு கணக்காவது இருந்தது. இப்போது ஓடுகிற ஈக்கோ எதிலும் கார்புரேட்டர் கிடையாது. 2010-ல் முதல் ஈக்கோ வந்தபோதே அதில் கம்ப்யூட்டர் சொல்கிற அளவுக்குப் பெட்ரோலைப் பீச்சுகிற இன்ஜெக்டர்தான். கார்புரேட்டர் போய்விட்டது, அதன் கணக்கு மட்டும் அப்பாவிடம் இருந்து மகனுக்கு வந்துகொண்டே இருக்கிறது.

இன்ஜெக்டர் வண்டியில் நடப்பது இதுதான். கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரில் இருந்து காலை முழுசாக எடுத்தால், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது என்று இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரான ஈசிஎம்முக்குத் தெரியும். உடனே இன்ஜெக்டரை மூடிவிடும். குறைத்து விடுவது இல்லை, அடியோடு நிறுத்திவிடும். இன்ஜினுக்குள் பெட்ரோலே போகாது. வண்டி வேகம் குறைந்து, இன்ஜின் சுற்று ஐட்லிங் பக்கம் வரும்போதுதான் மறுபடி திறக்கும்.

நியூட்ரலில் அப்படி இல்லை. இன்ஜினைச் சுற்றச் சக்கரம் இல்லை. அணைந்து போகாமல் இருக்க அதற்குப் பெட்ரோல் வேண்டும். சிக்னலில் நிற்கும்போது எவ்வளவு குடிக்குமோ அவ்வளவும் குடிக்கும். இந்த அளவு இன்ஜினுக்கு மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாது. ஏற்காட்டில் இருந்து இறங்க நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொண்டால், முப்பது ரூபாய்க்கு மேல் பெட்ரோல் எரிகிறது. மிச்சம் பிடிப்பதாக நினைத்து, செலவே இல்லாமல் இறங்கவேண்டிய இடத்தில் செலவு செய்கிறீர்கள்.

வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள், எனக்கு அது பழக்கம். பிரேக் வேலை முடிந்த பிறகு இவரையே பக்கத்தில் உட்காரவைத்து, ஈசிஎம்மில் ஓடுவதைக் காட்டுகிற ஸ்கேனரை மாட்டி, ஊருக்கு வெளியே உள்ள ஒரு இறக்கத்துக்கு வண்டியை எடுத்துப் போனேன். திரையில் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் மில்லி செகண்டில் ஓடும். மூன்றாவது கியர், காலை எடுத்தேன். எண் இறங்கி 0 ஆகி அப்படியே நின்றது. "இதைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு நியூட்ரலுக்குத் தள்ளினேன். எண் துள்ளி 2-க்கு மேல் ஏறியது. மறுபடி கியர், மறுபடி 0. நாலு தடவை செய்து காட்டினேன். ஐந்தாவது தடவை அவரே கியரைத் தள்ளிப் பார்த்தார். அப்புறம் பட்டறை வந்து சேரும் வரை ஒன்றும் பேசவில்லை.

"இன்ஜின் கத்துதேண்ணா, தேஞ்சு போயிடாதா?" இது அடுத்த கேள்வி, தவறாமல் வரும். இரண்டாவது கியரில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் ஈக்கோ இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்றைத் தாண்டாது. இந்த இன்ஜின் தன் முழு பவரைக் கொடுப்பதே 6000 சுற்றில். அதில் பாதிகூட இல்லாத சுற்றில் தேய்ந்து போகும் என்றால் ஏற்றம் ஏறும்போதே தேய்ந்து போயிருக்கும். ஏறும்போது கத்தினால் ஒன்றும் சொல்லாதவர்கள், இறங்கும்போது கத்தினால் பயப்படுகிறார்கள். சீட்டுக்கு அடியிலேயே இன்ஜின் இருப்பதால் சத்தம் கூடுதலாகக் கேட்கிறது, அவ்வளவுதான்.

சரி, பெட்ரோல் கணக்கை விடுங்கள். பிரேக் என்ன பாடு படுகிறது என்று பாருங்கள். ஏற்காடு கடல்மட்டத்தில் இருந்து சுமார் 1500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. ஆள், மூட்டை எல்லாம் சேர்த்து ஒன்றரை டன் வண்டியை 1200 மீட்டர் இறக்குகிறீர்கள். அந்தச் சுமை இறங்கும் சக்தி எங்கேயாவது போயாக வேண்டும். கணக்குப் போட்டால் அரை லிட்டர் பெட்ரோலை எரித்த சூட்டுக்குச் சமம். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். கியரில் இறக்கினால் பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறக்கினால் மிச்சம் அத்தனையும் முன்னால் உள்ள இரண்டு டிஸ்க்கிலும் பின்னால் உள்ள இரண்டு டிரம்மிலும்தான் இறங்கும். கையளவு லைனிங் அதை எவ்வளவு நேரம் தாங்கும்?

மறுநாள் பட்டறையில் கழற்றியபோது முன் சக்கர பிரேக் பேட்கள் கண்ணாடி மாதிரி பளபளத்தன. நகத்தால் கீறினால் நகம் வழுக்கியது. பிரேக் ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். "மாத்தவே இல்லைங்ணா" என்றார். ஐந்து வருடமாக என்னிடம் விடுகிற வண்டி. சர்வீஸ் வரும்போதெல்லாம் நான் சொல்லி, "அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று அவர் தள்ளிப்போட்டதுதான். கட்டாயப்படுத்தி மாற்றாதது என் தப்பு, இனி தள்ளிப்போட விடமாட்டேன்.

பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். புதுசாக ஊற்றும் டாட் 3 ரக பிரேக் ஆயில் 205 டிகிரிக்குக் குறைந்து கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் ஆவி, ஆவி இருந்தால் பெடல் தரையில். ஞாயிற்றுக்கிழமை நடந்தது அதேதான். கேபிளில் வேலை செய்கிற ஹேண்ட் பிரேக் கொஞ்சம் பிடித்ததால்தான் வண்டி மலையோரம் ஒதுங்கியது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுசாக வெளியேற்றிப் புதுசு ஊற்றி, குழாய்க்குள் சிக்கிய ஏரை எடுக்க வேண்டும். மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்புவது மாற்றுவது ஆகாது.

இன்னும் ஒரு படி மேலே போய் இறக்கத்தில் சாவியையே அணைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்குகிறது. இன்ஜின் அணைந்தால் இரண்டு மூன்று மிதிக்குள், பெடலை லேசாக்குகிற பூஸ்டர் காலி, பெடல் கல்லாகிவிடும். சாவி முழுசாகப் பின்னால் திரும்பிக் கழன்று வந்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங் பூட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். தயவுசெய்து வேண்டாம்.

மலை இறங்குவது இப்படித்தான்: ஏறும்போது எந்த கியர் கேட்டதோ இறங்கும்போதும் அதே கியர். இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள், வேகம் பிடித்த பிறகு கீழ் கியருக்குத் தடவாதீர்கள். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வராதீர்கள். வேகம் கூடினால் நன்றாக மிதித்துக் குறைத்து, காலை எடுங்கள், லைனிங் ஆறட்டும். நாற்றம் வந்தால் அகலமான இடமாகப் பார்த்து ஒதுக்கி நிறுத்தி, டீ குடியுங்கள். ஏழு பேர் வண்டியில் ஏழு பேர்தான். மடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் எடை உண்டு, உயிரும் உண்டு.

மைலேஜ் கேட்பதைத் தப்பு என்று நான் சொல்லவே இல்லை. பெட்ரோல் நூறு ரூபாய் விற்கிறது, வேன் வைத்துப் பிழைக்கிறவர் கேட்கத்தான் செய்வார். ஆனால் கேட்க வேண்டிய இடம் வேறு. 2022-ல் வந்த ஈக்கோவுக்குக் கம்பெனி சொன்ன கணக்கு லிட்டருக்கு 19.71 கிலோமீட்டர். ஏசி போட்டு, ஆள் ஏற்றி, டவுனுக்குள் ஓட்டினால் 13, 14 கிடைத்தாலே வண்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அதற்கும் கீழே போனால் முதலில் டயரில் காற்றைப் பாருங்கள். டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் அளவு இருக்கும், லோடு ஏற்றினால் எவ்வளவு என்பதும் இருக்கும். மேலே காலியாகக் கேரியர் கட்டியிருந்தால் கழற்றி வையுங்கள். இது பெட்டி மாதிரி வண்டி, எண்பதைத் தாண்டினால் காற்றைத் தள்ளவே பாதி பெட்ரோல் போய்விடும். பிரேக் இழுத்துப் பிடிக்கிறதா என்று ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஏர் ஃபில்டரை ஊதி ஊதி மூன்று வருடம் ஓட்டாதீர்கள்.

அப்புறம் "நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் வேண்டாம், எடுத்துடுங்க" என்று கேட்டு வராதீர்கள், நான் எடுக்க மாட்டேன். இன்ஜின் சூடேறும் வரை கூலண்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைக்கிற வால்வு அது, அதை எடுத்தால் இன்ஜின் சூடேறவே நேரமாகும். குளிர்ந்த இன்ஜினுக்கு ஈசிஎம் கூடுதல் பெட்ரோல் விடும். வண்டி ஹீட் ஆகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன், கூலண்ட் கசிவு என்று காரணத்தைத் தேடுவோம். குழாய்த் தண்ணீரை ஊற்றி ரேடியேட்டரைத் துருப்பிடிக்க வைத்துவிட்டு, தெர்மோஸ்டாட் மேல் பழி போடுவது நியாயமே இல்லை.

வீட்டுக் காஸ் சிலிண்டரை வேனில் மாட்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரே வார்த்தை: கழற்றுங்கள். இன்றைக்கே. சட்டப்படி குற்றம் என்பது இரண்டாவது. காற்றைவிடக் கனமான அந்த காஸ் கசிந்தால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் தரையில்தான் தேங்கும், அதற்குப் பக்கத்திலேயே இன்ஜின். அந்த வண்டியை என் பட்டறைக்குள் நான் விடுவதில்லை.

அந்த ஈக்கோவுக்குப் பேட், டிஸ்க், பின் ஷூ, வீல் சிலிண்டர் ரப்பர், பிரேக் ஆயில் எல்லாம் புதுசு. அவருடைய அம்மா பட்டறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வேலை முடியும் வரை சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போகும்போது மகனிடம், "இனிமே நான் பக்கத்துல உக்காந்து நீ கியர்ல வர்றியான்னு பாப்பேன்" என்று சொன்னார்.

மே மாதம் கோடை விழாவுக்கு ஏற்காட்டுக்கு வண்டி வண்டியாகப் போவீர்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் நீங்கள் வழக்கமாக விடுகிற பட்டறையில் பேட் கனமும் பிரேக் ஆயிலும் பார்க்கச் சொல்லுங்கள். பதினைந்து நிமிட வேலை. சேலத்தில் இருப்பவர்கள் என்னிடம் வாருங்கள், பார்ப்பதற்கு நான் காசு வாங்குவதில்லை.