யுவி கண்ணாடி போட்டாலும் நிறம் வெளுக்கும்

"யுவி கண்ணாடிதானே போட்டோம், அப்புறம் எப்படி வெளுத்தது?" வெளுத்த பிரிண்ட்டை ஃபிரேமோடு என்னிடம் தூக்கிக்கொண்டு வரும் எல்லாரும் கேட்பது இதைத்தான். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

யுவி கண்ணாடி புற ஊதாக் கதிரைத்தான் தடுக்கும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை விட்டுவிடும். அதையும் தடுத்தால் படமே தெரியாதே! அந்த வெளிச்சமும் நிறத்தைத் தின்னும். கண்ணாடி வெளுப்பைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். "வெயில் நேராகப் படவில்லை" என்பதும் செல்லாது. அருங்காட்சியகங்களில் காகிதப் படைப்புகளுக்குப் வெளிச்சத்தைப் பொதுவாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில்தான் வைப்பார்கள், அதுவும் சில மாதங்களுக்கு. சிங்கப்பூரின் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஹாலில் சன்னலுக்கு எதிர்ச்சுவரில் பகலில் பல நூறு லக்ஸ் சாதாரணம். போன நிறம் திரும்பாது.

சதுரம், வட்டம் போன்ற வடிவங்களாலான ஜியோமெட்ரிக் பிரிண்ட்டில் இந்தச் சேதம் இன்னும் மோசம். நிலக்காட்சியில் வானம் சற்று வெளுத்தாலும் வானம்தான். இங்கே இரண்டு நிறங்கள் முட்டும் இடமே விளிம்பு. ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸ் 1950இல் தொடங்கிய 'ஹோமேஜ் டு த ஸ்கொயர்' வரிசையில் ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள் மட்டும்தான். ஒரு சதுரம் முன்னால் வருவதும் உள்ளே போவதும் பக்கத்து நிறத்தைப் பொறுத்தது. ஆனால் எல்லா மையும் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை. ஃபுளோரசன்ட் ஆரஞ்சும் பிங்க்கும் முதலில் போகும். கார்பன் கறுப்பும் காவிமண் நிறமும் அப்படியே நிற்கும். ஆரஞ்சு வெளுத்துப் பக்கத்து மஞ்சளை நெருங்கினால் விளிம்பு கரைந்து, நான்கு சதுரம் மூன்றாகிவிடும். சந்தேகமாக இருந்தால் மௌண்ட்டை, அதாவது படத்தின் ஓரத்தைச் சுற்றி மூடும் அட்டையை, தூக்கிப் பாருங்கள்: அட்டை மறைத்த ஓரத்தில் பழைய ஆரஞ்சு ஒரு பட்டையாக நிற்கும். "கொஞ்சம் டச்-அப்" என்று கேட்காதீர்கள். ஒரே சீராக இழுத்த மையில் தூரிகை பட்ட இடம் தனியாகத் தெரியும்.

அடுத்தது ஈரம். சிங்கப்பூரில் ஈரப்பதம் சராசரி 80 விழுக்காட்டுக்கு மேல். 65ஐத் தாண்டினாலே பூஞ்சைக்குப் போதும். சில்க்ஸ்கிரீன் (வலைத்துணி வழியே மையை இழுத்து அச்சிடும் முறை) மை தாளின் மேல் படலமாக நிற்பது. கண்ணாடியோடு ஒட்டினாற்போல் ஃபிரேம் போட்டால் பிடித்துக்கொள்ளும், இழுத்தால் மை கண்ணாடியோடு வந்துவிடும். தயவுசெய்து நீங்களே பிரிக்காதீர்கள், ஃபிரேமோடு கொண்டுவாருங்கள். ஒற்றை மௌண்ட் அட்டை சுமார் 1.5 மி.மீ.தான், பெரிய தாள் உப்பும்போது போதாது. கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே ஸ்பேசர் (இடைவெளிப் பட்டை) வைத்து 3 மி.மீ.க்குக் குறையாமல் இடைவெளி கேளுங்கள். தாளைப் பிடித்து நிறுத்த, மேல் விளிம்பில் மட்டும் ஜப்பானியத் தாள் துண்டும் கோதுமை ஸ்டார்ச் பசையும் போதும். நான்கு பக்கமும் ஒட்டினால் தாள் விரிய வழியில்லாமல் நெளியும். மாஸ்கிங் டேப் கூடவே கூடாது. ஃபிரேம் சிறியது என்று வெள்ளை ஓரத்தை வெட்டுகிறவர்களை என்ன சொல்ல? பென்சில் கையெழுத்தும் பிரதி எண்ணும் அங்கேதான் இருக்கின்றன.

மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவர், கழிவறைச் சுவர் இரண்டும் வேண்டாம். வேறு இடமே இல்லையென்றால் பின்பக்கம் நான்கு மூலையிலும் ரப்பர் பொத்தான் ஒட்டி, காற்றுக்கு வழி விடுங்கள். துடைக்கும்போது ஸ்ப்ரேயைத் துணியில் அடியுங்கள். கண்ணாடியில் அடித்தால் வழிந்து, கீழ்ச்சட்டம் வழியே மௌண்ட்டுக்குள் ஏறும். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் என்றால் அம்மோனியா கலந்த திரவம் வேண்டவே வேண்டாம், மங்கிப்போகும். வீட்டு வேலைக்கு வருபவரிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.